கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. பங்கு வாங்கியவர் பணம் எங்கே போனது?

ஜூலை மாதம் என் அலுவலகத்தில் உட்கார இடம் கிடைக்காது. வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு மாடி அறையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தருகிறேன். 2024 ஜூலையில் பேர்ணாம்பட்டிலிருந்து ஓர் இளைஞர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காட்பாடியில் பொறியியல் படித்தவர், பெங்களூரில் ஐ.டி. வேலை. ஃபார்ம் 16, வாடகை ரசீது, எல்.ஐ.சி. ரசீது எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். வேலை முடிகிற நேரத்தில் போனை எடுத்து நீட்டினார்.

"சார், இதுல 400 ஷேர் வாங்கினேன். இப்ப 40தான் காட்டுது. ஆப்ல ஏதோ தப்பு."

ஆப்பில் தப்பு எதுவும் இல்லை. 2021 பிப்ரவரியில் அவர் வாங்கியது, கனடாவில் சட்டப்படி கஞ்சா பயிரிட்டு விற்கும் ஒரு நிறுவனத்தின் பங்கு. இடையில் அந்த நிறுவனம் 10 பங்கை 1 பங்காகச் சேர்த்துவிட்டது. எண்ணிக்கை குறைந்ததால் மட்டும் பணம் போகவில்லை. பணம் அதற்கு முன்பே போயிருந்தது. அவர் போட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் 5 ரூபாய்கூடத் தேறவில்லை.

கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்தே விட்டார். "டேய், போலீஸ் கேஸ் ஆகுமாடா?" மகனுக்கு வேறு கவலை. "சட்டமாயிடுச்சு, விற்பனை வருஷா வருஷம் ஏறுது, எல்லாரும் வாங்கறாங்க. அப்புறம் ஏன் சார் விழுந்துச்சு?"

மகனின் கேள்விதான் பெரியது. அப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்.

வேலூர்க்காரர் ஒருவர் அப்படிப் பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஆந்திர, ஒடிசா மலைப் பகுதியிலிருந்து தெற்கே வரும் சரக்கின் வழியில் காட்பாடி ஜங்ஷன் இருக்கிறது. ரயில் பெட்டியில் ஆளில்லாமல் கிடந்த பையில் பொட்டலம் என்ற செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று பெயர் வைத்தே இறங்கியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிதான் கஞ்சா. அதிலிருந்து பிரிந்த இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வடக்கே கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் 'பாங்கு' விற்க முடிவது அதனால்தான். 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு சிறை.

சரி, பங்கு வைத்திருப்பது இதற்குள் வருமா? ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்தப் பணத்தில் வெளிநாட்டுச் சந்தையில் பட்டியலான பங்கை வாங்க 2022 ஆகஸ்டில் வந்த விதிகள் இடம் தருகின்றன. அந்த விதிகள் பெயர் சொல்லி ஒதுக்குவது ரியல் எஸ்டேட் வியாபாரம், சூதாட்டம் போன்றவற்றை. கஞ்சா அந்த வரிசையில் இல்லை. ஆனால் 1985 சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது: போதைப்பொருளை வெளிநாட்டில் வாங்கி வெளிநாட்டிலேயே விற்கும் வியாபாரத்தை, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் நடத்தவோ கட்டுப்படுத்தவோ கூடாது. 27ஏ பிரிவு சட்டவிரோதக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பவருக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை என்கிறது. நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் 40 பங்கு வைத்திருப்பவர் அந்த நிறுவனத்தை நடத்துகிறவரும் இல்லை, கட்டுப்படுத்துகிறவரும் இல்லை. அப்பாவை உட்காரவைத்து அதைத்தான் சொன்னேன். பட்டியலாகாத வெளிநாட்டுக் கம்பெனியில் பங்காளியாகச் சேரப்போகிறேன், தோட்டத்துக்கு நேராகப் பணம் அனுப்பப்போகிறேன் என்று யாராவது வந்தால், வக்கீலைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இனி மகனின் கேள்வி.

சாக்லேட் ஆலைக்குள் வந்த செடி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஹெர்ஷி நிறுவனம் அங்கே நடத்திவந்த சாக்லேட் ஆலையை 2008இல் மூடியது. பிறகு அந்தக் கட்டடத்தில் டுவீட் என்ற பெயரில் மருத்துவக் கஞ்சா வளர்க்கத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் கேனபி குரோத் ஆனது. 2018 ஆகஸ்டில், அமெரிக்காவில் கொரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் அந்த நிறுவனத்தில் 500 கோடி கனடிய டாலர் போடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 17 முதல் கனடா முழுவதும் வயது வந்தவர்கள் கஞ்சா வாங்குவது சட்டப்படி சரி என்றானது. டிசம்பரில், மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா க்ரோனோஸ் என்ற இன்னொரு நிறுவனத்தில் 240 கோடி கனடிய டாலர் போட ஒப்புக்கொண்டது. பீர்க்காரனும் சிகரெட்காரனும் இத்தனை பணம் போடுகிறான் என்றால் சும்மாவா போடுவான் என்று உலகம் நினைத்தது. அப்படி நினைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அது கதவு திறக்கிற நேரமாகத்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தின் சூட்டைப் புரிந்துகொள்ள டில்ரே நிறுவனம் ஒன்றே போதும். 2018 ஜூலையில் பங்கு 17 டாலர் என்று நாஸ்டாக்கில் இறங்கியது. செப்டம்பர் 19 அன்று ஒரு கட்டத்தில் 300 டாலரைத் தொட்டது. முந்தைய நாள் வந்த செய்தி என்னவென்றால், கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுக்காக அந்த நிறுவனத்தின் மருந்தை இறக்குமதி செய்ய அமெரிக்க அரசு அனுமதித்திருக்கிறது. அவ்வளவுதான். பங்கில் பெரும்பகுதி ஒரே முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்ததால் சந்தையில் கைமாறக் கிடைத்தது கொஞ்சம். கொஞ்சமான சரக்கைப் பெரிய கூட்டம் துரத்தியதில் நிறுவனத்தின் மதிப்பு அன்று 2,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த முழு ஆண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ 4.3 கோடி டாலர்.

இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். லாங்கு பஜாரில் ஆண்டுக்கு 43 லட்சம் ரூபாய் வியாபாரம் நடக்கிற கடை. லாபம் இன்னும் வரவில்லை. அதன் விலை 200 கோடி என்கிறார்கள். இரண்டும் ஒரே விகிதம்.

அப்புறம் 2021 பிப்ரவரி. அமெரிக்காவில் ஆட்சி மாறியிருந்தது, அங்கேயும் சீக்கிரம் சட்டமாகிவிடும் என்ற பேச்சு. ரெட்டிட் என்ற இணைய மன்றத்தில் கூட்டம் கூடி இந்தப் பங்குகளைத் தூக்கியது. பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் டில்ரே ஏறக்குறைய பாதி விலை இழந்தது. பேர்ணாம்பட்டு இளைஞர் வாங்கியது அந்த மாதத்தில்தான். வெளிநாட்டுப் பங்கு வாங்கும் ஆப்கள் அப்போதுதான் இங்கே பரவத் தொடங்கியிருந்தன.

தக்காளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். பலமனேர், வி.கோட்டா பக்கம் ஒரு ஏக்கர் வைத்திருந்தவனையெல்லாம் அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நாற்று நட்டார்கள். சில மாதங்களில் நேதாஜி மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாகக் குவிந்து விலை படுத்தது. சாப்பிடுகிறவர்கள் குறையவில்லை. விளைந்தது கூடிவிட்டது.

கனடாவில் நடந்ததும் இதுதான், இன்னும் பெரிய அளவில், கடன் வாங்கிய கண்ணாடிக் கூரைக்குக் கீழே. அரோரா என்ற நிறுவனம் எட்மன்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 8 லட்சம் சதுர அடியில் ஒரு பசுமைக்கூடம் கட்டியது. மற்றவர்களும் போட்டி போட்டுக் கட்டினார்கள். நாடு முழுவதும் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் அதில் பெரிய பங்கு தனக்கே என்று எழுதிக்கொண்டார்கள். எல்லாருடைய திட்டத்தையும் கூட்டினால் நாட்டில் இருக்கிற மனிதர்கள் போதாது. 2021இல் மட்டும் 425 டன் உலர்ந்த கஞ்சாவைக் கனடிய நிறுவனங்கள் விற்க முடியாமல் அழித்தன. அரோராவின் அந்தப் பிரம்மாண்டக் கூடத்தைச் சில ஆண்டுகளில் மூடினார்கள். ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஆலையைக் கேனபி 2023இல் விற்றது. வாங்கியது யார் தெரியுமா? அதே ஹெர்ஷி, 5.3 கோடி கனடிய டாலருக்கு. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் கேனபியின் நட்டம் 330 கோடி கனடிய டாலர். கான்ஸ்டலேஷன் தன் முதலீட்டில் பெரும்பகுதியை நட்டக் கணக்கில் எழுதியது.

விளைச்சல் மட்டும் காரணம் என்றால் திறமையான நிறுவனம் ஒன்றிரண்டாவது தப்பித்து லாபம் பார்த்திருக்கும். சட்டத்தின் அமைப்பே அதற்கு இடம் தரவில்லை என்பது என் முடிவு. பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி வளர்த்துக்கொள்ளலாம். விளம்பரத்துக்குக் கடுமையான தடை, உறையில் எச்சரிக்கை வாசகமே பெரிதாக இருக்க வேண்டும், லோகோ சின்னதாக. அப்படியானால் பிராண்டு எப்படி உருவாகும்? கொரோனா பீருக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை உண்டு. பெயர் பளிச்சென்று தெரியாத உறைக்குள் இருக்கும் கஞ்சாவுக்கு அது கிடையாது. ஒன்டாரியோவில் சட்டம் வந்த நாளில் ஒரு கடைகூட இல்லை, அரசின் இணையதளத்தில் மட்டும் விற்றார்கள். 2019 ஏப்ரலில்தான் முதல் கடைகள் திறந்தன. குலுக்கல் போட்டு 25 பேருக்கு மட்டும் உரிமம். மொத்தக் கொள்முதலும் அரசு நிறுவனத்தின் கையில். டாஸ்மாக் எந்த ஆலையின் சரக்கை எத்தனை பெட்டி எடுக்கிறது என்பதில் இங்கே மது ஆலைகளின் வரவு இருக்கிறதல்லவா, அங்கேயும் அப்படித்தான். பழைய கள்ளச் சந்தைக்காரனுக்கு இந்த வரிசை எதுவும் இல்லை, வரியும் இல்லை. அவன் தொடர்ந்து விற்றான்.

வரி தனிக் கதை. கனடாவில் கஞ்சாவுக்குக் கலால் வரி கிராமுக்கு 1 டாலர், அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. கிராம் 10 டாலருக்குப் போகும்போது இரண்டும் ஒன்றுதான், பத்தில் ஒரு பங்கு. நிறுவனம் 3 டாலருக்கு விற்கவேண்டிய நிலை வந்தால் அதே 1 டாலர் மூன்றில் ஒரு பங்காகிவிடும். விலை இறங்க இறங்க அரசின் பங்கு அப்படியே நிற்கும், நிறுவனத்தின் பங்குதான் கரையும்.

இதை நான் விளக்கியபோது அதுவரை வாய் திறக்காமல் இருந்த அப்பா பேசினார். அவர் முப்பது வருஷமாகத் தோல் தொழிலில் இருப்பவர், டேனரியில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர். "சரக்கு எல்லாரும் பண்ணலாம், ரேட்டு வாங்கறவன் சொல்றான், செலவு கவர்மெண்டு சொல்லுது. இதுல பண்றவனுக்கு என்னா நிக்கும்?" என்றார்.

நான் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பாலாற்றங்கரை தோல் தொழிலின் அனுபவம் அது. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாமல் ஓட்டக்கூடாது என்றது. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் செய்த கேட்டைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு வந்தே ஆகவேண்டியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுத்திகரிப்புச் செலவைத் தோல் விலையில் ஏற்றி வெளிநாட்டு ஷூ கம்பெனியிடம் வாங்க இங்கிருந்தவர்களால் முடிந்ததா? முடியவில்லை. பேர் இல்லாத சரக்கை விற்கிறவன் விதியின் செலவைத் தானே சுமப்பான். வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தெரிந்த இந்த விஷயம் டொரன்டோ சந்தையில் தெரியாமல் போனது வருத்தம்தான்.

விற்றது கஞ்சாவா, பங்கா?

நட்டத்தில் ஓடும் நிறுவனம் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் பணத்தை எங்கிருந்து எடுக்கும்? புதுப் பங்கு அச்சடித்து விற்கும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஆம்பூர் பிரியாணி ஒரு தேக்சா இறக்கினால் இத்தனை பேருக்கு என்று கணக்கு உண்டு. அதே தேக்சாவுக்கு நான்கு மடங்கு ஆள் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு இலையிலும் விழுவது கால்வாசி. அரிசி கூடாமல் ஆள் மட்டும் கூடுவதுதான் பங்கு நீர்த்துப்போவது. விற்பனை கூடியதாக நிறுவனம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் ஒரு பங்குக்குச் சேரும் விற்பனை கூடியதா என்பதை அந்தத் தலைப்புச் செய்தி சொல்லாது.

இப்படி அச்சடித்துக்கொண்டே போனால் பங்கு விலை 1 டாலருக்குக் கீழே போகும். அமெரிக்காவின் பெரிய சந்தைகளில் 1 டாலருக்குக் கீழேயே பல நாள் கிடந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதைத் தவிர்க்கத்தான் பங்குகளை ஒன்று சேர்ப்பது. அரோரா 2020 மே மாதம் 12 பங்கை 1 ஆக்கியது. 2024 பிப்ரவரியில் 10 பங்கை மறுபடி 1 ஆக்கியது. 2020க்கு முன் 120 பங்கு வைத்திருந்தவரிடம் இப்போது இருப்பது 1. கேனபி 2023 டிசம்பரில் 10ஐ 1 ஆக்கியது. சேர்த்த பிறகு ஆப்பில் விலை பத்து மடங்காகத் தெரிவதால் ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு கஞ்சா நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது மொத்தம் எத்தனை பங்கு என்ற எண்ணை. ஐந்து வருட எண்ணையும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும், பங்கு சேர்ப்பு நடந்திருந்தால் அதைச் சரிசெய்துகொண்டு. அடுத்து, தொழிலிலிருந்து ரொக்கம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா. லாப நட்டக் கணக்கில் 'சரிசெய்த லாபம்' என்று என்னென்னவோ கழித்துக் கூட்டிக் காட்டுவார்கள். ரொக்கக் கணக்கில் அப்படி விளையாடுவது கடினம். கலால் வரி போக நிற்கும் விற்பனையைத்தான் விற்பனை என்று எடுக்க வேண்டும். சொத்துப் பட்டியலில் 'குட்வில்' என்று பெரிய தொகை இருந்தால், வேறு கம்பெனிகளை அதிக விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஒருநாள் அது நட்டமாக எழுதப்படலாம்.

அமெரிக்கக் கடை, கனடியப் பட்டியல்

மகன் இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடைகள் திறந்திருக்கின்றன, அந்த வளர்ச்சிக்காகத்தான் வாங்கினேன் என்று. அவர் கையில் இருந்தது கனடிய நிறுவனம். கனடிய நிறுவனத்தால் அமெரிக்காவில் ஒரு கிராம்கூட நேரடியாக விற்க முடியாது. பலர் சறுக்கும் இடம் இது.

அமெரிக்க மத்திய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள போதைப்பொருள்களின் முதல் பட்டியலில், ஹெராயினோடு சேர்த்து வைத்தது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் எல்லைக்குள் அனுமதித்தன. பிறகு மற்ற மாநிலங்கள். மத்திய சட்டம் அப்படியே நின்றதால், அங்கே உண்மையில் பயிரிட்டு விற்கும் க்யூராலீஃப், ட்ரூலீவ், கிரீன் தம்ப் போன்ற நிறுவனங்களை நியூயார்க் சந்தையோ நாஸ்டாக்கோ சேர்க்கவில்லை. அவை கனடாவின் சிறிய சந்தையில் பட்டியலாகின. தன் நாட்டின் மத்திய சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும் கனடிய நிறுவனங்களுக்கு நாஸ்டாக்கில் இடம் கிடைத்தது. நம் ஆப்கள் பொதுவாகக் காட்டுவது நியூயார்க், நாஸ்டாக் பங்குகளை. ஆக, அமெரிக்காவில் விற்கிற நிறுவனம் நம் கைக்கு எட்டாது. எட்டுகிற நிறுவனம் அமெரிக்காவில் கஞ்சா விற்பதில்லை. டில்ரே 2023இல் அமெரிக்காவில் 8 பீர், பான பிராண்டுகளை வாங்கியது. கஞ்சாப் பங்கு என்று வாங்கினால் பீர் கம்பெனியும் சேர்ந்து வருகிறது. 2020 செப்டம்பரில் தொடங்கிய எம்.எஸ்.ஓ.எஸ். என்ற இ.டி.எஃப். (பல நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து, பங்கு போலவே சந்தையில் விற்கும் நிதி) அமெரிக்கக் கஞ்சா நிறுவனங்களின் ஏற்ற இறக்கத்தை ஒப்பந்தங்கள் வழியாகப் பிடிக்கிறது.

அந்த அமெரிக்க நிறுவனங்களுக்கு ஒரு வரிச் சிக்கல் உண்டு. வரிக்காரனான எனக்கு இந்த முழுக் கதையிலும் அதிகம் பிடித்த பகுதி இது. 1981இல் ஒரு போதைப்பொருள் வியாபாரி வரி நீதிமன்றத்துக்குப் போய், தன் தொழில் செலவுகளை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். கொதித்துப்போன நாடாளுமன்றம் 1982இல் 280இ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. முதல், இரண்டாம் பட்டியல் போதைப்பொருளை விற்கும் தொழிலில் சரக்கின் அடக்கவிலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. கடை வாடகை, ஊழியர் சம்பளம் எதுவும் கிடையாது. மாநில உரிமம் வாங்கி, போர்டு மாட்டி, ரசீது போட்டு விற்கும் கடைக்கும் அது பொருந்தியது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விற்பனை 100, சரக்கின் அடக்கம் 50, வாடகை சம்பளம் எல்லாம் 40. உண்மை லாபம் 10. மற்ற தொழில் என்றால் 21 சதவீத வரி 2.10 டாலர். 280இ வந்தால் வரி 50க்கு, அதாவது 10.50 டாலர். சம்பாதித்த லாபத்தைவிட வரி அதிகம். கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றினால் இந்தப் பிரிவு பொருந்தாது. பட்டியல் மாற்றம் என்ற செய்திக்கு இந்தப் பங்குகள் துள்ளுவது இதனால்தான். 2023 ஆகஸ்டில் சுகாதாரத் துறை பரிந்துரைத்தபோது துள்ளின, 2024 மே மாதம் நீதித் துறை முறைப்படி முன்மொழிந்தபோதும் அந்தப் பேச்சுதான். 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் விரைந்து முடிக்கச் சொல்லி உத்தரவிட்டார். வரி குறைவது உண்மையான நன்மை. ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் குறையும் வரி எத்தனை நாள் லாபமாக நிற்கும், எப்போது விலைக் குறைப்புப் போட்டியில் கரையும் என்று பேர்ணாம்பட்டு அப்பாவைக் கேட்டால் அவர் சொல்வார்.

சட்டம் பின்னாலும் திரும்பும் என்பதற்குத் தாய்லாந்து. 2022 ஜூனில் தடையை எடுத்தது, ஊரெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று இறுக்கிவிட்டது.

இதே செடியிலிருந்து பங்குதாரருக்கு நல்ல பணம் கொடுத்த ஒரு நிறுவனத்தையும் சொல்லவேண்டும். பிரிட்டனின் ஜி.டபிள்யூ. ஃபார்மசூட்டிகல்ஸ். செடியிலிருக்கும் கேனபிடயால் என்ற பொருளைச் சுத்தமாகப் பிரித்து, குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய கடும் வலிப்பு நோய்களுக்கு எபிடயோலெக்ஸ் என்ற மருந்தைத் தயாரித்தது. பல ஆண்டு ஆய்வு, நோயாளிகளிடம் சோதனை, 2018 ஜூனில் அமெரிக்க மருந்துத் துறை ஒப்புதல். 2021இல் ஜாஸ் ஃபார்மசூட்டிகல்ஸ் அதை ஏறத்தாழ 720 கோடி டாலருக்கு வாங்கியது. மற்றவர்கள் ஏக்கர் கணக்கில் வளர்த்ததை இவர்கள் பாட்டில் கணக்கில் விற்றார்கள். அந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை இருந்தது, மருத்துவர் சீட்டு இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரால் தொட்டியில் வளர்த்துச் செய்ய முடியாது. சி.எம்.சி. எதிரே மருந்துக் கடை வரிசையில் நிற்கும் பெற்றோரைக் கேளுங்கள், வலிப்பை நிறுத்தும் மருந்துக்கு அவர்கள் விலை பேரம் பேசுவதில்லை. செடிக்கும் மருந்துக்கும் நடுவே உள்ள அந்த இருபது வருட உழைப்பில்தான் லாபம் இருந்தது.

இங்கிருந்து வாங்குபவர் கணக்கில் காட்டவேண்டியது

வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் எளிய ஐ.டி.ஆர். 1 படிவம் ஆகாது. ஐ.டி.ஆர். 2 அல்லது அதற்கு மேல் போகவேண்டும், அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பவேண்டும். நம் நிதியாண்டுப்படி இல்லாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு அது. அந்த இளைஞர் மூன்று வருடமாக இதைக் காட்டவே இல்லை. மறைத்தால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். தளர்வு இருக்கிறது என்று காட்டாமல் விடக்கூடாது. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்கு அனுப்பினால் அதற்கு மேலான தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிக்கும், அதை வரியில் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், முன்னால் விற்றால் உங்கள் வருமான அடுக்குப்படி. எல்.ஆர்.எஸ். பணத்தை மார்ஜின் வர்த்தகத்துக்கு, அதாவது கொஞ்சம் முன்பணம் கட்டி மீதியைக் கடனில் வாங்கும் வர்த்தகத்துக்கு, அனுப்ப அனுமதி இல்லை.

பங்குகூட இல்லாத ஓர் ஏமாற்று இதே பெயரில் நடந்தது. ஐரோப்பாவில் ஜூசிஃபீல்ட்ஸ் என்ற இணையதளம், நீங்கள் ஒரு கஞ்சாச் செடிக்குப் பணம் கட்டுங்கள், வளர்த்து விற்று லாபம் தருகிறோம் என்றது. 50 யூரோ இருந்தால் சேரலாம். முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது, அவர்கள் மற்றவர்களைச் சேர்த்தார்கள். 2022 ஜூலையில் தளம் மூடியது. 1,86,000 பேர் பணம் போட்டிருந்தார்கள், இழப்பு 64.5 கோடி யூரோ என்று யூரோபோல் சொன்னது. அதே 2022இல் நம் காட்பாடிப் பக்கம் மாத வட்டி ஆசையில் நகையை விற்றுப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் என் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் நான். சட்டபூர்வக் கஞ்சா என்ற சொல்லுக்கு இருக்கும் புதுமையே இப்படிப்பட்டவர்களுக்குத் தூண்டில். செடிக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று டெலிகிராமில் யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்த ஜூலையில் அந்த இளைஞர் மறுபடி வந்தபோது 40 பங்கையும் விற்றிருந்தார். நீண்டகால மூலதன நட்டமாகக் காட்டினோம், கெடு தேதிக்குள் தாக்கல் செய்ததால் 8 ஆண்டு வரை வேறு நீண்டகால லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். டிசம்பரில் டிரம்ப் உத்தரவு வந்த வாரம் போன் செய்தார். "சார், இப்ப வாங்கலாமா?" மொத்தப் பங்கு எண்ணிக்கையை ஐந்து வருடத்துக்கு எழுதி அனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. ஐந்து எண்கள், பங்கு சேர்ப்பைச் சரியாகக் கணக்கில் எடுத்து எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. கடைசி எண்ணைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம், அதன் பக்கத்தில் அவர் அப்பாவின் கையெழுத்தில் 'வேணாம்' என்று இருந்தது.